ரயில் தாண்டிப் போன ஊர்: நிக்கோடிமஸ்

1887 மார்ச் மாதம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், வடமேற்குப் பக்கம் இருக்கும் கிரஹாம் கவுண்டியில், நிக்கோடிமஸ் என்ற சின்ன ஊரில் ஓர் ஓட்டெடுப்பு நடந்தது. மிசூரி பசிபிக் ரயில் கம்பெனி நம்ம ஊர் வழியாகத் தண்டவாளம் போட்டால், அதற்கு 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. ஊர் சம்மதம் சொன்னது.

அந்த ஊரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களில் நிறையப் பேர் 1865 வரை கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். பத்து வருஷம் முன்னால்தான் இந்தப் புல்வெளிக்கு வந்து, தங்க வீடில்லாமல் மண்ணைத் தோண்டிக் குழிக்குள் குடியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள், தாங்கள் இன்னும் சம்பாதிக்காத பணத்தை ஒரு பெரிய ரயில் கம்பெனிக்குத் தர ஏன் ஒத்துக்கொண்டார்கள்? பாதை போட்டு லாபம் பார்க்கப் போவது கம்பெனிதானே? ஊர் எதற்குக் காசு கொடுக்கணும்?

இதற்குப் பதில் தெரிய, அமெரிக்கப் புல்வெளியில் ஊர் என்றால் என்ன, அது எப்படி உண்டாச்சு என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஊருக்கு முன்னால் தண்டவாளம்

ரயில் என்றால் ஊர்களை இணைப்பது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இங்கே ஓர் ஊர், அங்கே ஓர் ஊர், நடுவில் பாதை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஓரளவு அப்படித்தான் நடந்தது. மிசூரி ஆற்றுக்கு மேற்கே கதை தலைகீழ். அங்கே முதலில் பாதை வந்தது. பாதைக்காக ஊர் உண்டாக்கப்பட்டது.

1862இல் இரண்டு சட்டங்கள் ஆறு வார இடைவெளியில் வந்தன. மே மாதம் ஹோம்ஸ்டெட் சட்டம்: ஐந்து வருஷம் தங்கிப் பயிர் செய்தால் 160 ஏக்கர் நிலம் உங்களுக்கு. ஜூலையில் பசிபிக் ரயில் சட்டம்: பசிபிக் கடல் நோக்கிப் பாதை போடும் கம்பெனிகளுக்கு, போட்ட ஒவ்வொரு மைலுக்கும் பாதையின் இரண்டு பக்கமும் அரசு நிலம். முதலில் மைலுக்கு 10 சதுர மைல் என்று இருந்ததை 1864இல் 20 ஆக்கினார்கள். இதுவும் இதைப் போன்ற மற்ற மானியங்களுமாகச் சேர்ந்து ரயில் கம்பெனிகளுக்கு மத்திய அரசு கொடுத்த நிலம் சுமார் 13 கோடி ஏக்கர்.

இந்த நிலம் யாருடையது என்று கேட்காமல் தாண்டிப் போக முடியாது. பானி, ஷயான், கான்சா, ஓசேஜ் என்று பல பழங்குடி மக்கள் வாழ்ந்த, வேட்டையாடிய நிலம் அது. ஒப்பந்தம், மிரட்டல், ராணுவம், காட்டெருமைகளின் அழிவு என்று எல்லாவற்றையும் கொண்டு அவர்களை வெளியேற்றிய பிறகுதான் அது ‘காலி நிலம்’ ஆச்சு.

நிலம் கையில் வந்ததும் ரயில் கம்பெனி நில வியாபாரியாகவும் ஆனது. ஆளில்லாத புல்வெளியில் ரயில் ஓட்டினால் ஏற்றவும் சரக்கு இல்லை, இறக்கவும் சரக்கு இல்லை. குடியானவர்களை அழைத்து வரணும், நிலத்தை விற்கணும், அவர்கள் விளைவிப்பதை ஏற்றிப் போகணும். நெப்ராஸ்கா மாநிலத்தில் பர்லிங்டன் கம்பெனிக்குக் கிடைத்தது சுமார் 24 லட்சம் ஏக்கர். அந்தக் கம்பெனி 1872இல் அடித்த விளம்பரத்தில், 10 வருஷத் தவணை, 6 சதவீத வட்டி, லட்சக்கணக்கான ஏக்கர் விற்பனைக்கு என்று கொட்டை எழுத்தில் இருக்கும். இப்போது வரும் மனை விளம்பரங்களுக்குத் தாத்தா!

அதே கம்பெனி லிங்கன் நகரத்திலிருந்து மேற்கே பாதை போட்டபோது ஸ்டேஷன்களுக்குப் பெயர் வைத்த விதம் வேடிக்கையானது. கிரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லண்ட், ஜூனியாட்டா, கெனசா, லோவெல். ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள், சி-யில் தொடங்கி எல் வரை அகர வரிசை. அந்த இடத்தில் யார் இருந்தார்கள், அங்கே ஆறு உண்டா, மேடு உண்டா என்பதற்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமே கிடையாது. வரைபடத்தில் ஒருத்தர் உட்கார்ந்து வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போயிருக்கிறார். ஊர் பிறகு வந்தது.

புள்ளிக்குப் புள்ளி எத்தனை மைல்?

பல பாதைகளில் இந்தப் புள்ளிகள் ஆறு முதல் பத்து மைலுக்கு ஒன்றாக இருப்பதைப் பார்க்கலாம். இதற்குக் காரணம் குதிரை.

ஒரு விவசாயி கோதுமையை மூட்டைகளாகவோ கொட்டியோ வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். ஒரு டன்னுக்குச் சற்றுக் கூடுதலான பாரம். மண் பாதையில் மணிக்கு இரண்டரை, மூன்று மைல் போனால் அதிகம். ஸ்டேஷனுக்குப் போய், வரிசையில் நின்று, தானியத்தைப் போட்டு, கடையில் உப்பும் ஆணியும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பணும். பத்து மைலைத் தாண்டினால் அது ஒரு நாளில் முடியாது. இரவு வெளியே தங்கணும், குதிரைக்குத் தீனி வாங்கணும், லாபம் போச்சு. நீராவி இன்ஜினுக்கும் அடிக்கடி தண்ணீர் வேண்டும், தண்டவாளத்தைப் பராமரிக்கும் ஆட்களை நெடுக நிறுத்தவும் வேண்டும். எல்லாக் கணக்கும் சேர்ந்து ஊர்களின் இடைவெளியைத் தீர்மானித்தது.

ஒவ்வொரு புள்ளியிலும் கிட்டத்தட்ட ஒரே ஊர்தான். தண்டவாளத்தை ஒட்டி ஸ்டேஷன். பக்கத்தில் எலிவேட்டர். இது ஆட்களை ஏற்றும் லிஃப்ட் இல்லைங்க, தானியக் களஞ்சியம். வண்டியில் வரும் தானியத்தை வாளிகள் கோத்த பட்டையால் மேலே தூக்கி, உயரமான அறைகளில் சேர்த்து வைத்து, கீழே நிற்கும் ரயில் பெட்டியில் குழாய் வழியாகக் கொட்டும். மைல் கணக்கில் தட்டையாகக் கிடக்கும் பூமியில் தூரத்திலிருந்து முதலில் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கட்டடம்தான். பிறகு மரக்கடை, ஏனென்றால் அங்கே மரமே கிடையாது, வீடு கட்டும் பலகைகூட ரயிலில்தான் வரணும். ஒரு பாங்க், ஒரு ஹோட்டல், ஒரு மளிகைக்கடை, ஒன்றிரண்டு தேவாலயம்.

ஜான் ஹட்சன் என்ற புவியியலாளர் புல்வெளி ஊர்களைப் பற்றி 1985இல் ஒரு புத்தகம் எழுதினார். ஊர்களின் தெரு அமைப்பை அவர் வகைப்படுத்தியிருக்கிறார். அதில் ஒரு வகை, ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி. தண்டவாளம் மேல்கோடு. கடைவீதி அதிலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் கீழ்க்கோடு. ஊரின் முக்கிய வீதி ரயிலடியில் தொடங்கி வயல்காட்டில் முடிந்துவிடும். எது தலை, எது வால் என்பதில் சந்தேகமே வராது.

இப்போது அந்த 16,000 டாலர் கொஞ்சம் புரியும். ரயில் வந்தால் உங்கள் கோதுமைக்குச் சந்தை உண்டு, மனைக்கு விலை உண்டு, கடைக்குச் சரக்கு உண்டு. வராவிட்டால், இருக்கும் கடைகூடப் பக்கத்துப் புள்ளிக்குப் போய்விடும். அதனால் கவுண்டிகளும் ஊர்களும் போட்டி போட்டுக்கொண்டு கடன் பத்திரம் எழுதின. பாதை வந்தபின் வருஷா வருஷம் வரி கட்டி ஊர் அந்தக் கடனை அடைக்கும். கம்பெனி ஒரே சமயத்தில் நான்கு ஊரோடு பேச்சு வைத்திருக்கும். யார் அதிகம் தருவார்களோ, எந்தப் பக்கம் மண் சமதளமோ, எங்கே தனக்கு நிலம் இருக்கிறதோ, அங்கே போகும்.

5 டாலருக்குக் கான்சாஸ்

இனி நிக்கோடிமஸ்.

உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்தபின், தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களின் புதிய உரிமைகளுக்குக் காவலாக மத்திய அரசின் ராணுவம் நின்றது. 1877 ஏப்ரலில் அந்தக் காவல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்கப்புறம் என்ன ஆகும் என்று தெற்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அதே ஏப்ரலில் கான்சாஸில் நிக்கோடிமஸ் டவுன் கம்பெனி பதிவானது. தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர். பொருளாளர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரி. ஹில்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

கென்டக்கியின் லெக்ஸிங்டன் பகுதியில் துண்டுப் பிரசுரம் பரவியது. கான்சாஸ் போக விரும்பும் கறுப்பின மக்கள் செப்டம்பர் 5 அன்று கிளம்பலாம், 5 டாலர் போதும் என்றது அது. அந்தச் செப்டம்பரில் 300க்கும் மேற்பட்டோர் ரயில் ஏறி எல்லிஸ் என்ற ஸ்டேஷனில் இறங்கினார்கள். எல்லிஸிலிருந்து நிக்கோடிமஸுக்கு ரயில் கிடையாது. முப்பது மைலுக்கு மேல் வடக்கே நடந்தார்கள்.

வந்து பார்த்தால் ஊர் எங்கே?

1878 வசந்த காலத்தில் அடுத்த கூட்டத்தோடு வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். அவர் கணவர் டேனியல் ஹிக்மன் ஒரு போதகர். வழியில் தட்டம்மை பரவிக் கூட வந்த குழந்தைகளில் சிலர் இறந்துபோனார்கள். எல்லிஸிலிருந்து இரண்டு நாள் பயணம். ஆண்கள் ‘அதோ நிக்கோடிமஸ்’ என்று கத்தினார்கள். வில்லியானா கண்ணை இடுக்கிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. எங்கே என்று கேட்டதற்குக் கணவர் தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினார். மக்கள் மண்ணுக்குள் குழி தோண்டிக் குடியிருந்தார்கள், அடுப்புப் புகை அங்கிருந்து வந்தது. அதைப் பார்த்ததும் அவர் அழ ஆரம்பித்துவிட்டார்.

முதலில் வந்தவர்களில் பலர் கோபத்தோடு திரும்பிப் போனார்கள். ஏமாற்றிக் கூட்டி வந்தார் என்று ஹில் மேல் ஆத்திரம். இருந்தவர்களிடம் ஏர் இல்லை, மாடு குதிரை இல்லை. மண்வெட்டியாலும் கொத்தாலும் புல்வேர் பின்னிக் கிடந்த பூமியைக் கிளறினார்கள். விறகும் இல்லை, காய்ந்த சாணியும் சூரியகாந்தித் தண்டும்தான் எரிபொருள். முதல் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து திரும்பிய ஓசேஜ் மக்கள் தங்கள் உணவில் பங்கு கொடுத்து உதவியதாக ஊரின் நினைவில் இன்றும் சொல்லப்படுகிறது. அந்த ஓசேஜ் மக்களே 1870களின் தொடக்கத்தில்தான் கான்சாஸிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஊர் ஆனது

ஆனாலும் ஊர் நின்றது. சக்கரி ஃப்ளெட்சர் என்பவர் முதல் போஸ்ட்மாஸ்டர், செயின்ட் ஃபிரான்சிஸ் ஹோட்டலையும் அவர்தான் நடத்தினார். அவர் மனைவி ஜென்னி முதல் ஆசிரியை. குழி வீடுகள் போய், புல்வேரோடு வெட்டி எடுத்த மண்கட்டி வீடுகள் வந்தன. பிறகு சுண்ணாம்புக்கல் கட்டடங்கள். 1880களின் நடுவில் பாங்க், ஹோட்டல்கள், கடைகள், தேவாலயங்கள், பேஸ்பால் அணி, இசைக்குழு என்று எல்லாம் இருந்தது. வெள்ளையர் சிலரும் வந்து கடை வைத்தார்கள். 1886இல் வெஸ்டர்ன் சைக்ளோன் என்ற செய்தித்தாள், 1887இல் நிக்கோடிமஸ் என்டர்பிரைஸ் என்று இன்னொன்று. சில நூறு பேர் உள்ள ஊருக்கு இரண்டு செய்தித்தாள்!

அரசியலிலும் பெயர் வாங்கியது. இங்கே வந்து குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் கான்சாஸ் மாநிலத்தின் தணிக்கை அதிகாரியாகத் தேர்தலில் ஜெயித்தார். தெற்கு மாநிலங்களுக்கு வெளியே, மாநிலம் முழுக்க ஓட்டுப் போடும் பதவிக்குத் தேர்வான முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1884இல் மறுபடியும் ஜெயித்தார்.

ஆக, ஒரு புல்வெளி ஊருக்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் நிக்கோடிமஸில் இருந்தது. ஒன்றைத் தவிர. இது எந்த ரயில் கம்பெனியும் வைத்த புள்ளி இல்லை. மக்கள் தாங்களாக வைத்த புள்ளி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

1887இல் மூன்று கம்பெனிகளின் பெயர் ஊரில் அடிபட்டது: மிசூரி பசிபிக், யூனியன் பசிபிக், சான்டா ஃபே. செய்தித்தாள்கள் வாராவாரம் நம்பிக்கை எழுதின. மனை விலை ஏறியது. மார்ச்சில் பத்திரத்துக்கு ஓட்டு. மிசூரி பசிபிக்கின் சர்வே ஆட்களும் அளந்துவிட்டுப் போனார்கள்.

மிசூரி பசிபிக் வரவே இல்லை.

1888இல் யூனியன் பசிபிக் வந்தது. ஆனால் பாதை சாலமன் ஆற்றின் தெற்குக் கிளைக்குத் தென்பக்கமாகப் போனது. நிக்கோடிமஸ் வடபக்கம். சில மைல் வித்தியாசம். தென்கரையில் ரயில் வேலையாட்கள் தங்கிய முகாம் போக் என்ற ஊரானது. ஓர் ஆற்றைத் தாண்டினால் ஸ்டேஷன், ஆனால் நாம் மேலே போட்ட குதிரைவண்டிக் கணக்கில் அந்தச் சில மைல் போதும். கடைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சரக்கை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டினார்கள். சிலர் கட்டடத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். புல்வெளியில் இது சகஜம், மரக் கட்டடத்தை உருளைகள் மேல் ஏற்றிக் குதிரை கட்டி இழுத்துப் போய்விடுவார்கள். ஊர் நகர்ந்தது என்பது அங்கே உவமை கிடையாது.

ஓடாதீர்கள், ஒருவர் போனால் வரும் வசந்தத்தில் பத்துப் பேர் வருவார்கள், சொத்தை விட்டுவிடாதீர்கள் என்ற தொனியில் சைக்ளோன் எழுதிப் பார்த்தது. அந்த வருஷமே சைக்ளோனும் நின்றுபோனது.

இங்கே ஹில்லை மறுபடி பார்க்கலாம். அதே கிரஹாம் கவுண்டியில் அவர் தன் பெயரிலேயே ஹில் சிட்டி என்று இன்னொரு ஊரும் உண்டாக்கியிருந்தார். யூனியன் பசிபிக் பாதை அங்கே போனது. கவுண்டித் தலைமையிடமும் ஹில் சிட்டிதான், இன்றுவரை. இரண்டு ஊரில் பணம் போட்ட வியாபாரிக்கு ஒன்று விழுந்தால் இன்னொன்று இருக்கிறது. குழி தோண்டிக் குடியிருந்தவர்களுக்கு இருந்தது ஒன்றே ஒன்று.

இது நிக்கோடிமஸுக்கு மட்டும் நடந்ததா?

கிடையாது. அகர வரிசை ஊர்களையே எடுத்துக்கொள்வோம். கடைசி எழுத்தான லோவெல், பாதை அங்கே வந்து நின்றிருந்த காலத்தில் நில அலுவலகமும் கூட்டமுமாக அமர்க்களப்பட்டது. பாதை மேற்கே நகர்ந்து கியர்னி போனதும் கூட்டமும் கூடவே போய்விட்டது. இன்று அங்கே ஊர் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஜூனியாட்டா பர்லிங்டன் கம்பெனி ஆசையாக வளர்த்த ஊர், ஆடம்ஸ் கவுண்டியின் தலைமையிடம். ஆனால் 1872இல் அதற்குச் சில மைல் கிழக்கே வேறொரு கம்பெனியின் பாதை பர்லிங்டன் பாதையை வெட்டிக்கொண்டு போனது. அந்தச் சந்திப்பில் ஹேஸ்டிங்ஸ் முளைத்தது, அகர வரிசையில் இடமே இல்லாத ஊர். 1870கள் முடிவதற்குள் கவுண்டித் தலைமையிடத்தையும் அது பிடுங்கிக்கொண்டது. இன்று ஹேஸ்டிங்ஸில் சுமார் 25,000 பேர். ஜூனியாட்டாவில் ஆயிரம்கூட இல்லை. கம்பெனியின் செல்லப்பிள்ளைக்கே அந்தக் கதி.

ஏற்கெனவே இருக்கும் ஊருக்குள் பாதை கொண்டுபோவதைவிடச் சில மைல் தள்ளிப் புது ஊர் உண்டாக்குவது பல சமயம் கம்பெனிகளுக்கு லாபம். பழைய ஊரில் மனை எல்லாம் அடுத்தவன் கையில். புது ஊரில் மனை விற்ற காசு கம்பெனிக்கோ அதன் ஆட்களுக்கோ வரும். இந்தக் கணக்கில் வெள்ளையர் ஊர்களும் நூற்றுக்கணக்கில் செத்திருக்கின்றன.

அப்படியென்றால் எல்லோருக்கும் ஒரே அடிதானா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். லோவெலின் வெள்ளைக் கடைக்காரர் கியர்னிக்குப் போனால் அங்கேயும் அவர் கடைக்காரர்தான். நிக்கோடிமஸ்காரருக்கு அந்த ஊர் வெறும் சந்தை இல்லை. அங்கே போஸ்ட்மாஸ்டர் அவர், ஆசிரியை அவர், ஓட்டுப் போட்டு அதிகாரியை அனுப்புகிறவரும் அவர். அடுத்த ஊரில் இது எதுவும் உத்தரவாதம் கிடையாது. ஒரே கணக்கு, ஆனால் இழப்பு ஒன்றல்ல.

சட்டம் எதைத் தொட்டது?

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது.

நிக்கோடிமஸ் பதிவான 1877இல், அதற்கு ஒரு மாதம் முன்பு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘மன் எதிர் இல்லினாய்’ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தானிய எலிவேட்டர் வாங்கும் கட்டணத்துக்கு மாநில அரசு உச்ச வரம்பு வைக்கலாம், பொதுமக்கள் நம்பியிருக்கும் தொழிலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்றது. கிரேன்ஞ் என்ற விவசாயிகள் இயக்கத்தின் வெற்றி அது. பத்திரத்துக்கு ஓட்டுப் போட்ட 1887இல், மறுபடி ஒரு மாதம் முன்பு, மாநிலங்களுக்கிடையேயான வணிகச் சட்டம் வந்தது. ரயில் கட்டணம் நியாயமாக இருக்கணும், வெளிப்படையாக அறிவிக்கணும், ஒரே பாதையில் குறைந்த தூரத்துக்கு அதிகக் கட்டணம் வாங்கிச் சின்ன ஊர்களைக் கசக்கக் கூடாது என்றது.

இரண்டுமே நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டும் தொட்டது கட்டணத்தை. பாதை எங்கே போகும் என்பதைத் தொடவில்லை. ஓர் ஊர் வாழணுமா சாகணுமா என்ற முடிவு கம்பெனி அலுவலகத்தில் ஒரு வரைபடத்தின் மேல்தான் நடந்தது. 1892இல் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில் கூடிய பாப்புலிஸ்ட் கட்சி, ரயிலை அரசே எடுத்து நடத்தணும் என்று கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். அது நடக்கவில்லை. புதுப் பாதை போடவும் பழைய பாதையை மூடவும் மத்திய ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்ற விதியே 1920இல்தான் வந்தது. நிக்கோடிமஸுக்கு 32 வருஷம் தாமதம்.

ஜெயித்த ஊரும் தோற்ற ஊரும்

அப்போ போக் ஜெயித்ததா? கொஞ்ச காலம்.

அமெரிக்காவின் ரயில் பாதை நீளம் 1916இல் உச்சம் தொட்டது, சுமார் 2,54,000 மைல். அதற்கப்புறம் இறக்கம். லாரியும் தார் ரோடும் வந்தபிறகு விவசாயிக்குப் பத்து மைல் என்பது கால் மணி நேரம். குதிரைக்காக வைத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் தேவையில்லாமல் போயின. டீசல் இன்ஜினுக்கு வழிநெடுகத் தண்ணீர்த் தொட்டியும் வேண்டாம். 1980இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும், நஷ்டத்தில் ஓடும் கிளைப் பாதைகளைக் கைகழுவுவது கம்பெனிகளுக்கு இன்னும் சுலபமானது. இன்று பெரிய கம்பெனிகளுக்குப் பிடித்தது 110 பெட்டி கொண்ட தானிய ரயில், ஒரே இடத்தில் நிறுத்தி ஒரே மூச்சில் நிரப்பணும். ஒரு பெட்டிக்குச் சுமார் 100 டன் பிடிக்கும். அவ்வளவு தானியம் கொடுக்கும் எலிவேட்டர் பெரிய கவுண்டிக்கு ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். மற்றவை எல்லாம் பறவைகளுக்கு.

நிக்கோடிமஸை விழுங்கிய போக்கில் இப்போது 150 பேர் அளவில் இருக்கிறார்கள். வரைபடத்தில் புள்ளி வைத்த அதே கணக்குத்தான் பிறகு புள்ளியை அழித்தது. கணக்குக்கு விசுவாசம் கிடையாது.

நிக்கோடிமஸில் போஸ்ட் ஆபீஸ் 1953இல் மூடப்பட்டது. இன்று அங்கே நிரந்தரமாக இருப்பவர்கள் இருபது பேருக்கும் குறைவு. ஆனால் ஊர் செத்துப்போச்சு என்று சொல்லிவிட முடியாது. கடைகள் போனபின்னும் சுற்றியிருந்த பண்ணைக் குடும்பங்கள் பல தலைமுறை அங்கேயே பயிர் செய்தன. 1918இல் புதிதாகப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1930களின் பஞ்சத்துக்கும் புழுதிப் புயலுக்கும் நடுவே சுண்ணாம்புக்கல்லில் ஊர் மன்றம் எழுந்தது. 1996இல் அமெரிக்க அரசு நிக்கோடிமஸைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது. ஊர் மன்றம், பள்ளிக்கூடம், இரண்டு தேவாலயம், ஃப்ளெட்சரின் ஹோட்டல் என ஐந்து கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன.

அதைவிட முக்கியமானது ஒவ்வொரு வருஷமும் ஜூலைக் கடைசியில் நடப்பது. அடிமை முறை ஒழிந்ததைக் கொண்டாட ஆரம்பித்த விழா, இப்போது ஊர் திரும்பும் விழா. அங்கே குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் அமெரிக்காவின் பல மூலையிலிருந்து நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். அந்தச் சில நாளில் ஊர் நிறைகிறது.

அகர வரிசையில் புள்ளி வைத்து உண்டாக்கிய ஊர்களில், விட்டுப்போன மக்கள் இப்படித் தலைமுறை தாண்டித் திரும்பி வரும் ஊர் எத்தனை? ரயில் கம்பெனி ஓர் ஊருக்குச் சந்தையைக் கொடுத்தது, பெயரைக் கொடுத்தது, தெருவின் வடிவத்தைக்கூடக் கொடுத்தது. நிக்கோடிமஸுக்கு அது எதையும் கொடுக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகவும் அதனால் முடியவில்லை.